கடைசியாக உள்ளே போனவர்

ஆரணியில் சொன்ன நேரத்துக்கு ஆரம்பிக்கிற கூட்டம் ஒன்றே ஒன்றுதான். கல்யாணம் என்றால் மாப்பிள்ளையே தாமதமாக வருவார். கட்சிக் கூட்டம் என்றால், தலைவர் வந்து சேரும்போது பந்தல்காரரும் கொசுவும்தான் மிச்சம் இருப்பார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு, அரிசி ஆலையின் தவிட்டுக் கிடங்குக்கு மேல்மாடியில் கூடுகிற அந்தச் சின்னச் சபை மட்டும் ஒன்பதரைக்கே பாய் நிறைய உட்கார்ந்திருக்கும். பக்தி முற்றிப்போய் அல்ல, பயத்தில்.

அந்தச் சபைக்குப் பாதிரியார் கிடையாது. மேடை கிடையாது, மைக் கிடையாது. எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள் என்பதால் ஊர் வைத்த பெயர் ‘ரவுண்டு சபை’. கதவைச் சாத்தும்போது கடைசியாக உள்ளே வந்தவர் யாரோ, அன்றைய ஆராதனை அவர் பொறுப்பு. அவர்தான் நடுவில் வந்து உட்கார்ந்து நாலு வார்த்தை பேச வேண்டும், ஜெபம் செய்ய வேண்டும், ரொட்டியைப் பிட்டு எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். பின்னால் வருகிறவனுக்கே முதல் மரியாதை என்பதை மற்ற சபைகளில் மணிக்கணக்காகப் பிரசங்கம் செய்கிறார்கள். இவர்கள் பிரசங்கத்தை விட்டுவிட்டு அதைச் சட்டமாக்கிவிட்டார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், பட்டு நூல் சுற்றுகிறவர்கள், நாலு பேருக்கு முன்னால் வாயைத் திறக்க வெட்கப்படுகிற ஜனம் அது. கடைசி ஆளாகிவிடக் கூடாது என்று அடித்துப் பிடித்துக்கொண்டு வந்துவிடும்.

கதவுக்கும் ஒரு சட்டம் உண்டு. சாத்தினால் ரொட்டி பிட்டு முடியும்வரை திறக்கக் கூடாது. இதற்கு ஆன்மிகக் காரணம் எதுவும் இல்லை. நடுவில் திறந்தால் கீழேயிருந்து தவிட்டுத் தூசி கிளம்பி வந்து, பாடுகிறவர்கள் தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும்.

இத்தனை பேரும் ஓடி ஓடி முன்னால் வர, ஒருவர் மட்டும் ஒளிந்திருந்து பின்னால் வருவார். அவர் கமலக்கண்ணன், துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்த காலம் முழுக்க மற்றவர்களைக் காக்க வைத்தே பழகியவர். ஆலையின் எடைமேடை அறைக்குள் நின்றுகொண்டு, மாடிப்படியில் ஏறுகிறவர்களைக் கவனித்துக்கொண்டே இருப்பார். கடைசித் தலை மறைந்ததும் கிளம்புவார். “இந்த இனிய காலை வேளையிலே” என்று அவர் ஆரம்பித்தால், முடிப்பதற்குள் ரொட்டி அப்பளமாகிவிடும். 

சபையும் சும்மா இருக்கவில்லை. நூல் சுற்றுகிற காத்தாயி ஒரு ஏற்பாடு செய்தாள். மூட்டை தூக்கும் ராமதாஸ் தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கியிருந்து, கமலக்கண்ணன் படியேறிய பிறகு, தலையெல்லாம் தவிடாக எழுந்து வருவான். வந்து, “ஆண்டவரே, எல்லாரும் நல்லா இருக்கணும், ஆமென்” என்று முடித்துவிடுவான். ஆலையில் அது பாதி மூட்டை இறக்கும் நேரம்கூட ஆகாது.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோது, ஆலைக்காரர் புது இயந்திரம் வைக்க மாடி வேண்டும் என்று கேட்டார். தன்மையாகத்தான் கேட்டார். ஊரை ஒட்டிய முள்ளிப்பட்டில் ஒரு பட்டு முதலாளி தறிகளை எல்லாம் தனது புது மாடிக் கட்டடத்துக்கு மாற்றியிருந்தார். பழைய தறிக்கூடம் காலியாகக் கிடந்தது. மைக் இல்லாத சபை என்று தெரிந்ததும் உடனே சாவியைக் கொடுத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் தன் வீட்டிலிருந்து கரண்டு ஒயர் இழுத்துக்கொள்ளச் சொன்னார். அமைதிக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பது ஊரில் மற்ற சபைகளுக்கு இன்னும் தெரியாது.

கூடம் நல்ல கூடம். ஓடு ஒழுகவில்லை, ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. ஒரே வேடிக்கை, தரையில் தறிக் குழிகள் அப்படியே இருந்தன. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காருகிற இடுப்பளவுக் குழிகள். அவற்றை மூடிவிட்டு, கிழக்குப் பக்கம் ஒரு மேடை கட்டலாம் என்றார் கமலக்கண்ணன். 

“மேடையா? யாரு ஏறி ஆடறதுக்கு?” என்றாள் காத்தாயி. “எனக்கு முட்டி மடங்கல. குழி ஓரமா குந்தி கால தொங்கவுட்டா சோபா மாதிரி இருக்குது. அத போயி மூடறேன்றீங்க.”

மேடை போயிற்று. ஆனால் கமலக்கண்ணன் ஃப்ளெக்ஸ் பேனரை விடவில்லை. ஆலை மாடியில் கடைசி ஞாயிறன்று, கூட்டம் முடிந்ததும் வட்டத்தின் நடுவில் அதை விரித்தார். ஒரு புறா, ஒரு உலக உருண்டை, கைகூப்பியபடி கமலக்கண்ணன். புறாவைவிட அவர் பெரிதாக இருந்தார். உலகத்தைவிடவும். ‘சிறப்பு விருந்தினர்: பேராயர் டாக்டர் வீரபாகு. முதல் ஆராதனை நடத்துபவர்: வட்டாட்சியர் (ஓய்வு) கமலக்கண்ணன்.’ இடம் போதாததால் ‘துணை’ விடுபட்டுப்போனதாக அவரே விளக்கம் சொன்னார்.

“இன்னா சார், யாரு கடைசியா வருவாங்கன்னு இப்பவே அச்சடிச்சிகினு வந்துட்டீங்க?” என்று கேட்டாள் காத்தாயி.

“ஒரு உத்தேசந்தாம்மா.”

“உத்தேசத்துக்கு இம்மாம் பெரிய எழுத்தா?”

சிரிப்பு அடங்கும்வரை கமலக்கண்ணன் காத்திருந்தார். பிறகு வழக்கமான குரலை விட்டுவிட்டுச் சொன்னார்: “பெரணமல்லூர்லேர்ந்து என் ஆபீஸ் ஆளுங்க வர்றாங்க. நான் தவிட்டு மேல உக்காந்துகினு சாமி கும்புடறேன்னு இவ்ளோ நாளா என்னக் கிண்டல் பண்ணவங்க. ஒரே ஒரு தபா, அவங்க எதிர்ல நான் நடத்தணும். அவ்ளோதான்.”

இதற்கு யாரிடமும் கிண்டல் இல்லை. ராமதாஸ்தான் பேசினான். “நடத்துங்க சார். அங்க நான் ஒளியறதுக்கு மூட்டையும் இல்ல. நாங்க எல்லாம் முன்னாடியே போயி குந்திக்கறோம்.”

“ஆனா வழக்கம் வழக்கம்தான்” என்றாள் காத்தாயி. “கதவு சாத்தறப்போ யாரு கடைசியோ அவங்கதான். அந்த பேராயரா இருந்தாலும் சரி.”

அப்போதுதான் கமலக்கண்ணனுக்குப் பேராயரிடம் தான் சொல்லி வைத்தது ஞாபகம் வந்தது. பேராயர் வீரபாகு வேலூர்ப் பக்கம் தானே ஒரு சபை தொடங்கி, தானே பேராயரும் ஆனவர். மூன்று டாக்டர் பட்டம் உண்டு, ஊசி போடத் தெரியாது. மண்டபம் நிரம்பாமல் காரைவிட்டு இறங்க மாட்டார். போனில் அழைத்தபோது கமலக்கண்ணன் பெருமை பொங்க, “எங்க சபையில கடைசியா வர்றவருக்குத்தான் முதல் மரியாதைங்க” என்று சொல்லி வைத்திருந்தார். “அருமையான வழக்கம்! நமக்கு ரொம்பப் பொருந்தும்” என்றிருந்தார் பேராயர். 

வீட்டுக்கு வந்ததும் மனைவி சிவசங்கரி கேட்டாள். “ஏங்க, அவரு உங்களுக்கு அப்புறமா உள்ள வந்துட்டா?”

“மாலையப் போட்டு அவர முன்னால வுடுவேன். பின்னாலயே நான் நுழைவேன். விருந்தாளிய முன்னால வுடறது மரியாதைதானே? யாரு இன்னா சொல்ல முடியும்?”

சிவசங்கரி அதோடு விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். அந்த வீட்டில் பேச்சின் மொத்த ஒதுக்கீடும் கமலக்கண்ணனுக்கே போய்விடும். சபைக்கு ரொட்டி சுடுவது அவள் வேலை. சட்டி அகலத்துக்குத் தடிமனாக ஒரே கோதுமை ரொட்டி. ஒவ்வொரு வாரமும் “நீ முன்னாடி போயி ரொட்டிய வையி” என்று அவளை அனுப்பிவிட்டுத்தான் அவர் எடைமேடை அறைக்குள் நுழைவார். அதனால் சபையில் ஒரு முறைகூடக் கடைசியாக வராத ஒரே ஆள் அவள். ரொட்டி ஒரு பக்கம் மெத்தென்றும் ஒரு பக்கம் கருகியும் இருக்கிறதே, ஒரே சீராகச் சுடத் தெரியாதா என்று அவர் கேட்பார். அதற்கும் அவள் பதில் சொன்னதில்லை.

இடம் மாறுகிற ஞாயிறு வந்தது. ஆலைக்காரர் டிராக்டர் கொடுத்தார். பாய்கள், தண்ணீர்க் குடம், சுவர்க் கடிகாரம், டேப் மேளம் அடிக்கிற ஒரு ஆள், மேலே காத்தாயி. மற்றவர்கள் பின்னால் நடந்தார்கள். ஆலைத் தெருக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தர், “இன்னா ராமதாசு, காலி பண்ணிட்டாங்களா?” என்று கேட்டார்.

“காலி இல்ல நைனா. பெரிய இடத்துக்குப் போறோம்” என்றான் ராமதாஸ். வருஷம் முழுக்க அடுத்தவன் மூட்டையைச் சுமந்தவன், அன்று தன் சபையின் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு போனான். தண்ணீர் தளும்பிச் சட்டை நனைந்தது. இறக்கி வைக்கச் சொன்னதற்கு மறுத்துவிட்டான்.

முள்ளிப்பட்டில் பத்து மணிக்கு வெகு முன்பே எல்லோரும் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். பெரணமல்லூர் ஆட்கள் நாலு பேரும் வந்து, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, ‘இது நல்லா இருக்கே’ என்று ஆட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே எதிர்ப்பக்கம் பார்த்திபன் டீக்கடை. அதன் ஓரம் பேராயரின் கார். வாசலில் கமலக்கண்ணன், புது சஃபாரி உடையில். பக்கத்தில் சிவசங்கரி. இந்த முறை மாலைத் தட்டைப் பிடிக்க ஆள் வேண்டுமென்று அவளையும் வெளியே நிறுத்தியிருந்தார். ஒரு கையில் மாலைத் தட்டு, மறு கையில் ரொட்டி டப்பா. 

டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போய் ‘ஃபுல்’ என்று சொன்ன பிறகே கார்க் கதவு திறந்தது. பேராயர் இறங்கினார். வெள்ளை அங்கி, கழுத்தில் சங்கிலி, பளபளக்கும் ஷூ. கமலக்கண்ணன் மாலையைப் போட்டார். பேராயர் அதைக் கழற்றித் திரும்பத் தட்டில் வைத்தார். பிறகு இருவரும் வாசற்படிக்கு வந்தார்கள். 

“ஐயா, வாங்க. உள்ள போங்க” என்றார் கமலக்கண்ணன், குனிந்து.

“நீங்க போங்க பிரதர். நான் பின்னால வர்றேன்” என்றார் பேராயர், அதைவிடக் குனிந்து.

“ஐயையோ, அது முறையா? நீங்க விருந்தாளி.”

“நான் ஊழியக்காரன். தாழ்மைதான் எனக்கு அழகு.”

“உங்க தாழ்மை எங்க, என் தாழ்மை எங்க. நீங்க முன்னால போங்க.”

“தாழ்மையில நான் யாருக்கும் விட்டுக் கொடுக்கறதில்ல பிரதர்.”

பேராயர் ஒரு காலை எடுத்துப் படியில் வைத்தார். கமலக்கண்ணன் முகம் மலர்வதைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டார். ஷூவைக் கழற்ற வேண்டும் என்று படியிலேயே உட்கார்ந்து, ஒரு முடிச்சை அவிழ்ப்பதற்குப் பதிலாக இன்னும் இறுக்கினார். கமலக்கண்ணன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்து முடித்துவிட்டு மறுபடியும் துடைத்தார். டீக்கடையில் ஆற்றுகிற டம்ளரை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டு பார்த்திபன் பார்த்தார்.

உள்ளே கதவுப் பிடியில் கை வைத்தபடி ராமதாஸ் கடிகாரத்தைப் பார்த்தான். “சார், மணி ஆவுது. ஜல்தி யாராச்சும் ஒருத்தர் வாங்க.”

“இரப்பா, பெரியவங்க பேசிகினு இருக்கறோம்.”

“ஏங்க, ரொட்டி ஆறுது” என்றாள் சிவசங்கரி.

“செத்த இரு சங்கரி.”

அவளுக்கு மாலைத் தட்டைப் பிடித்த கை மரத்துப் போயிருந்தது. தட்டைக் கணவர் கையில் கொடுத்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர் என்ன ஏதென்று பார்க்காமல் வாங்கிக்கொண்டார். “கொஞ்சம் வழி வுடுங்க” என்று சொல்லி, இரண்டு தாழ்மைகளுக்கும் நடுவே புகுந்து, ரொட்டி டப்பாவோடு உள்ளே போனாள். 

கடிகாரம் பத்து அடித்தது. கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

கமலக்கண்ணன் மாலைத் தட்டோடு நின்றார். ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. கதவைத் தட்டினார். “ராமதாசு! தெற!”

“சாத்தியாச்சு சார். ரொட்டி பிட்டதும் தெறக்கறேன்.”

“டேய், அது தவிட்டுக்காக வச்ச சட்டம்டா! இங்க ஏதுடா தவிடு?”

“சட்டம்னா சட்டம்தானே சார். நீங்கதானே எப்பவும் சொல்லுவீங்க.”

அலுவலகத்தில் எத்தனையோ பேரை அவர் இதே வாக்கியத்தால் திருப்பி அனுப்பியிருக்கிறார். உள்ளே காத்தாயியின் குரல் கேட்டது. “யாரு கடைசி?” “சங்கரிதான்” என்று யாரோ சொன்னார்கள்.

கமலக்கண்ணனின் கோபம் அப்படியே திகிலாக மாறிற்று. “ஐயோ, அவளுக்குப் பேசவே வராதே. ஆபீஸ் ஆளுங்க வேற குந்திகினு இருக்கறாங்க.”

ஜன்னல் உயரத்தில் இருந்தது. பார்த்திபன் டீக்கடை பெஞ்சைக் கொண்டுவந்து போட்டார். கமலக்கண்ணன் ஏறினார். விருந்தாளியாயிற்றே என்று கூச்சப்பட்டுக் கீழே நின்ற பேராயரும், பிறகு அங்கியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். டாக்டர் பட்டங்கள் ஏறிய பக்கம் பெஞ்சு கொஞ்சம் தாழ்ந்தது.

சிவசங்கரி நடுக் குழியின் விளிம்பில், காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் ரொட்டி. தலை நிமிரவில்லை. நேரம் போயிற்று. பெரணமல்லூர் ஆட்கள் காலாட்டுவதை நிறுத்திவிட்டார்கள். கமலக்கண்ணன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “இந்த இனிய... இந்த இனியன்னு ஆரம்பி” என்று முணுமுணுத்தார்.

“எனக்குப் பேச வராது” என்று அவள் ஆரம்பித்தாள். “எங்க வூட்ல பேசறது அவருதான்.”

உள்ளே ஒரு சிரிப்பு எழுந்தது. அவர் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறார். அவர் பேச்சுக்கு யாரும் சிரித்ததில்லை, சிரிப்பை அடக்கியதுதான் உண்டு.

“நான் ரொட்டி மட்டுந்தான் சுடுவேன். சுடறப்போ உங்களயெல்லாம் ஒவ்வொரு ஆளா நெனச்சிகினு சுடுவேன். காத்தாயி அக்காவுக்குப் பல்லு ஆடுது. அதனால ஒரு ஓரத்த மெத்துனு வுட்டுருவேன். ராமதாசுக்கு மொறுமொறுன்னு கருவினாத்தான் எறங்கும். அவனுக்கு ஒரு ஓரம். உப்பு ஒத்துக்காதவங்களுக்கு ஒரு பக்கம் உப்பில்லாம பெசஞ்சு ஒட்டிருவேன். ஒரே ரொட்டிதான், ஆனா எல்லாரும் அதுல இருக்கறீங்க.” அவள் ரொட்டியைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். “எங்க வூட்டுக்காரருக்கு நடுத்துண்டு. நடுவுல இருந்தாத்தான் அவருக்கு ஆவும்.”

இம்முறை சிரிப்பு கூரையில் போய் இடித்தது. பெரணமல்லூர்க்காரர் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பெஞ்சில் பேராயரின் தோள் குலுங்கியது. கமலக்கண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ஒரே சீராகச் சுடத் தெரியாதா என்று வாரம் தவறாமல் கேட்டது இவரேதான். 

“ஆண்டவரே,” என்று சிவசங்கரி கண்ணை மூடினாள். “இடம் கொடுத்த ஆலைக்காரரு நல்லா இருக்கணும். இந்தக் கூடத்தக் கொடுத்த மொதலாளி தறியெல்லாம் நிக்காம ஓடணும். கரண்டு கொடுத்த வூட்டுக்கு நோய்நொடி வரக் கூடாது. இங்க குந்தி தறி நெய்ஞ்சவங்க காலு எத்தினி வலிச்சிருக்கும், அவங்க எங்க இருந்தாலும் காலு வலிக்காம இருக்கணும். அப்பறம் வெளியில ரெண்டு பேரு நின்னுகினு இருக்கறாங்க. வெயிலு ஏறுது. அவங்களயும் பாத்துக்குங்க.”

பிறகு ஒரு பாட்டை எடுத்தாள். எல்லோருக்கும் எட்டாத உச்சத்தில் எடுத்துவிட்டாள். காத்தாயி பாதியில் இறக்கிப் பிடித்தாள், ராமதாஸ் அதையும் விட்டு வேறெங்கோ போனான், டேப்காரர் எல்லோரையும் இழுத்து ஒரு கரைக்குக் கொண்டுவந்தார். கமலக்கண்ணனுக்குப் பாட வராது என்பது ஊரறிந்த விஷயம். அவரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடினார்.

“நல்லாப் பேசறாங்களே. எந்தக் காலேஜ்ல வேதம் படிச்சாங்க?” என்று பேராயர் கேட்டார்.

“காலேஜா? எட்டாவதுங்க. என் சம்சாரம்.”

“ஓ! பேரு?”

“சிவசங்கரி.”

பேராயர் ஒரு கணம் விழித்தார். “பேர மாத்தலீங்களா?”

“எதுக்குங்க மாத்தணும்? அவங்க அப்பாம்மா ஆசையா வச்ச பேரு. ஆண்டவருக்கு அந்தப் பேர்லயே அவள நல்லாத் தெரியும்.” கமலக்கண்ணன் இவ்வளவு சுருக்கமாக ஒரு பதிலைச் சொல்லி யாரும் கேட்டதே இல்லை. 

ரொட்டி பிட்டு முடிந்ததும் தாழ்ப்பாள் விலகியது. சிவசங்கரி ரொட்டி டப்பாவோடு வெளியே வந்தாள், முகமெல்லாம் வியர்வை. பெஞ்சின்மேல் நிற்கிற இருவரையும் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு ஓரத் துண்டைப் பேராயருக்குக் கொடுத்தாள். நடுத்துண்டைக் கணவரிடம் நீட்டினாள்.

“இன்னாங்க, கோவமா?”

அவர் ரொட்டியை வாங்கிக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். வரவில்லை. பேச்சு வராத கமலக்கண்ணனைப் பார்க்க, உள்ளேயிருந்து காத்தாயி முட்டி வலியையும் பொருட்படுத்தாமல் எழுந்து வந்தாள். 

பெரணமல்லூர் ஆட்கள் வெளியே வந்து சூழ்ந்துகொண்டார்கள். “கண்ணன், யாருயா அந்தம்மா? ஆபீஸ்ல இவ்ளோ வருஷம் இருந்தோம், இப்பிடி ஒரு பேச்சு கேட்டதில்ல.”

“என் வூட்டுக்காரி” என்றார் கமலக்கண்ணன். அவர்களுக்கு முன்பே தெரியும், வேண்டுமென்றே கேட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும். இருந்தாலும் இன்னொரு முறை சொன்னார். பார்த்திபனிடம் சொன்னார். கார் டிரைவரிடம் சொன்னார். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி, நெல் விதைக் கடை எந்தப் பக்கம் என்று கேட்ட ஒரு பெரியவரை நிறுத்தி வைத்து, கூடத்தைக் காட்டி, இன்றைக்கு இங்கே முதல் ஆராதனை நடத்தியது யார் தெரியுமா என்று ஆரம்பித்தார். விதைக் கடைக்கு வழி சொல்ல அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.